உப்பும் துருவும்

சென்னையினின்றும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அணுகுங்கால், பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காணாது செல்லுதல் இயலாது. கோடையில் அவை வெண்குவியல் நிரைகளாகவும், ஐப்பசி கார்த்திகையில் வானத்தைக் காட்டும் வெறும் நீர்ப்பரப்பாகவும் தோன்றும். வடக்கே காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியிலேதான் முடிவுறுகின்றது. கழுவேலி என்னும் பெருஞ்சதுப்பு நிலமும் அருகே உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனது நாட்டுக் கடற்றுறையாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆகலின், ஈண்டு மக்கள் கடலோடு பழகிவந்த பழக்கம் ஓரிரு நூற்றாண்டினதன்று.

இத்தகைய நிலத்தில் இரும்பால் இயன்ற பொருள் எதுவும் நெடுநாள் நிற்பதில்லை. சாளரக் கம்பிகள் பூரித்து வெடிக்கும்; கதவின் கீல்கள் பேசத் தொடங்கிப் பின்னர்ப் பேச்சும் அடங்கி இறுகிவிடும். அளத்தில் உப்பு வாரும் பலகை மரத்தாலேயே ஆயிருத்தலை நோக்குமின். இரும்புப் பலகையாயின் கருவியும் கெடும். உப்பும் செந்நிறமேறிக் கெடும். மரத்தைக் கைவிடாத அத்தொழிலாளரது அறிவு நூலறிவுக்குத் தாழ்ந்ததன்று.

இந்நிலத்திலே இருபது ஆண்டு உப்புக் காற்றில் கிடந்து துருவேறிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டிலேயே செப்பஞ் செய்தல் எங்ஙனம் என்பதை யாம் இக்கட்டுரையில் கூறப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இது புறம்பான பொருள் எனச் சிலர் நகைக்கலாம். இலக்கணம் கற்போர் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து ஆராய்ந்து மீண்டும் கூட்டுகின்றனர். இயந்திரத்திற்கும் அதுவே செய்யவேண்டுவதாயிற்று, கைதான் கறுத்தது.

எம் பாட்டனார் அளமொன்றில் மேற்பார்வை செய்து வந்தவர். அவர் 1972-ஆம் ஆண்டு, 350 சி.சி. புல்லட்டு வண்டி ஒன்றை வாங்கி, முப்பத்திரண்டு ஆண்டுகள் அதன்மீதே அளங்களைச் சுற்றி வந்தார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, கொட்டகையில் நின்ற அவ்வண்டியைக் கடல்நீரும் சேறும் டாங்கியின் அடிவரை மூடின. ஒரு திங்கள் கழித்து வண்டி வெளியூர்ப் பட்டறை ஒன்றிற்கு அனுப்பப்பட்டது. அங்கே மேற்றுருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் பூசி, புதிதே போலத் திருப்பி அனுப்பினர். ஆறு திங்களில் அப்பூச்சு அம்மைக் கொப்புளம்போல எழும்பிற்று. ஒரு கொப்புளத்தைக் கீறினால் உள்ளே ஈரமும் செம்பொடியுமாக இருந்தது. அதன்பின் வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. 2024-ஆம் ஆண்டில் பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் அதனை எடைபோட்டு விலை கூறினார். எம் தமையனார்க்கோ அளத்து வேலைக்கு நாடோறும் சென்றுவர ஒரு வண்டி வேண்டியிருந்தது. புதியது வாங்கப் பொருளில்லை. பாட்டனார் வாய்திறவாதிருந்தார். விலை பேசியவர்க்கு விடை கூறுமுன் தைத் திங்கள் வரை தவணை வேண்டும் என்று யாம் தந்தையாரிடம் கேட்டுப் பெற்றோம்.

நிற்க. புல்லட்டின் வரலாற்றையும் ஒருசிறிது அறிதல் வேண்டும். அது வெறும் பெருமைக்கன்று, உறுப்புத் தேடுவார்க்குப் பயன்படுவது. இங்கிலாந்தில் ரெட்டிச்சு என்னும் ஊரிலிருந்த என்பீல்டு கம்பெனியார் தம் முதல் மோட்டார் சைக்கிளை 1901-இல் வெளியிட்டனர். புல்லட்டு என்னும் பெயர் 1932-இல் வழக்கிற்கு வந்தது. 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் அவர்களோடு கூடி, என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தித் திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டனர். தொடக்கத்தில் உறுப்புக்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பெற்றன. 1957-இல் உறுப்புச் செய்யும் கருவிகளே வந்துசேர்ந்தன. 1962-இல் உறுப்பனைத்தும் இந்நாட்டிலேயே செய்யப்படலாயின. ரெட்டிச்சுத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-ஓடு இங்கிலாந்தில் அக்கம்பெனியின் வண்டித் தொழிலே ஒழிந்தது. 1977-இல் சென்னையினின்றும் புல்லட்டுகள் இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. பிறந்தகம் நொடித்தபின் மகள் வீட்டினின்றும் சீர் சென்றதுபோல் இருந்தது அது.

இவ்வரலாற்றால் நமக்கு வரும் பயன் யாதெனின், 1955 அளவில் அமைந்த வடிவமே இங்கே பல்லாண்டு பெரிதும் மாறாதிருந்தமையால், 1972-ஆம் ஆண்டு வண்டிக்கு அதன்பின் இருபது ஆண்டு கழித்துச் செய்த உறுப்புக்களிற் பலவும் பொருந்தும் என்பது. ஆயின் மரையளவு பெரும்பாலும் பழைய பிரித்தானிய அளவேயாகலின், இக்காலத்து மில்லிமீட்டர் ஸ்பேனரை அதில் வைத்துத் திருகினால் மரையின் முனை மழுங்கும். துருவால் இறுகிய மரைக்கு முனையும் மழுங்கிற்றாயின் பின்னர் உளியே துணை. ஆதலின் அவ்வளவு ஸ்பேனர்களை முதலில் தேடிக்கொள்ளுதல் நலம்.

இனித் துரு என்பது யாது என ஆராய்வாம். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் கூடிய வழித் துரு பிறக்கும். நீரின்றேல் துரு இல்லை. பிறந்த துரு, தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதாகலின், பூச்சை உந்தித் தள்ளும். இரு தகடுகளிடையே புகுந்தால் அவற்றைப் பிளக்கும். செம்பிலே தோன்றும் களிம்பை ஆன்மாவைப் பற்றிய மலத்திற்குச் சித்தாந்த நூலார் உவமை கூறுவர். அக்களிம்பும் துருவும் இனமே எனினும், பழுப்பேறிய செம்பு பெரும்பாலும் அம்மட்டில் நிற்கும். இரும்பின் துருவோ நிற்பதில்லை. உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே செல்லும்.

உப்பு இதனிடை என்ன செய்கின்றது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் செலுத்துமாகலின் துருப்பிடித்தல் விரைவுறும். உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின்மேல் இயல்பாக அமையும் மெல்லிய காப்புத் திரையைத் துளைத்துக் குழிபறிக்கும். இவற்றினும் கொடியது மூன்றாவது. தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவினைக் கடந்தவுடன் அவ்வீரத்தை வாங்கித் தானே நீராகும். அளத்தில் நீரின் செறிவு போமே அளவில் 25 பாகையை எட்டியபின் கறியுப்பு விளையும். வாரியபின் எஞ்சும் கைப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுந்திருக்கும். அதுவோ, ஈரப்பதம் நூற்றுக்கு 33 இருப்பினும் நீரை ஈர்க்கும். எம் கடற்கரையில் அவ்வளவு வறண்ட நாள் எந்நாள்? எனவே கடல்நீரில் ஒருகால் தோய்ந்த இரும்பு, சித்திரை வெயிலில் நின்றாலும் உள்ளே உலர்வதில்லை. துருக்குழியின் அடியில் அவ்வுப்பை வைத்தபடியே மேலே பெயின்ட் பூசுதல், புண்ணைக் கழுவாது கட்டுப்போடுதலை ஒக்கும். பட்டறையார் பூசிய பூச்சு ஏன் கொப்புளித்தது என்பது இப்பொழுது விளங்கும்.

ஆகவே முதல் வேலை சுரண்டுதலன்று, கழுவுதல் என்று துணிந்தோம். எந்நீரால் கழுவுவது என்பதில் இடர் எழுந்தது. எம் வீட்டுக் கிணற்று நீர் சுவைக்கே உவர்ப்பது. எம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவரிடம் அந்நீரைக் காட்டினோம். அவர் ஆய்வுக்குழாயில் சிறிது எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளிகளும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளிகளும் விட்டார். தயிர் திரிந்தாற்போல வெண்படிவு திரண்டது. குளோரைடு உண்டென்பதற்கு அதுவே சான்று. "இந்நீரால் வண்டியைக் கழுவுவதும் கடலில் நீராட்டுவதும் ஒன்றுதான்" என்றார் நண்பர். பின்னர் மழைநீரைக் கொள்வதென முடிவாயிற்று. ஓட்டுக் கூரையின் மேலும் கடற்காற்று உப்பைத் தூவியிருக்குமன்றே? ஆதலால் ஐப்பசியின் முதல் இரண்டு மழைகளை வழிந்தோட விட்டு, மூன்றாம் மழையின் நீரைப் பிளாஸ்டிக் பீப்பாய் மூன்றிலே பிடித்தோம். அதில் வெள்ளி நைட்ரேட்டு இட்டபொழுது புகைபோன்ற ஒரு மங்கல் தவிர வேறு தோன்றவில்லை. மழைக்காலம் உப்பளத்திற்கு ஓய்வுக் காலமாகையால் தமையனாரும் வீட்டிலிருந்தார். இரண்டும் பொருந்தின.

வண்டியை உறுப்பு உறுப்பாகக் கழற்றினோம். கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் கொண்டு, கழற்றிய திருகாணிகளை உறுப்பின் பெயரெழுதிய தகரப் பெட்டிகளில் இட்டோம். இறுகிய மரைகளுக்கு மண்ணெண்ணெய் தேடினோம்; இக்காலத்தில் அது கிடைப்பதரிது; டீசலே போதுமானதாயிற்று. இரவில் டீசல் விட்டுக் காலையில் முறுக்குதல், அசையாதாயின் மீண்டும் விட்டுக் காத்தல், அதற்கும் அசையாதாயின் மரையை மட்டும் சூடாக்கல் என்பதே முறை. பெட்ரோல் டாங்கியும் குழாயும் அகற்றப்பட்டு, வேறிடத்தில் வைக்கப்பட்ட பின்னரே நெருப்பைக் கொணர்ந்தோம்.

எண்ணெய்ப் பசை நீக்கிய இரும்புறுப்புக்களை மழைநீர்த் தொட்டியில் ஊறவிட்டு, நாடோறும் நீர் மாற்றினோம். அடிச்சட்டம் தொட்டியில் அடங்காமையின் வெந்நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவினோம். ஒவ்வொரு முறையும் கடைசியாக வழிந்த நீரைச் சிறு புட்டியில் பிடித்துத் தேதியிட்டு, வாரத்திற்கு ஒருமுறை கல்லூரிக்குக் கொண்டு சென்றோம். முதற்புட்டியில் வெண்படிவு கட்டியாகத் திரண்டது. நான்காவதில் பால் கலந்தாற்போல நின்றது. ஒன்பதாவதில் மழைநீருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இருபது ஆண்டுக்குமுன் புகுந்த ஆழிப்பேரலையின் உப்பு, அந்த ஒன்பது புட்டிகளில்தான் எம் வண்டியை விட்டு நீங்கிற்று. அவற்றை நிரல்பட வைத்துப் பாட்டனாரிடம் காட்டியபொழுது, அளத்து நீரை நோக்குவதுபோல அவர் ஒவ்வொன்றையும் வெயிலில் உயர்த்திப் பார்த்தார்.

அதன்பின்னரே துருவை நீக்கலானோம். எம் நாட்டில் தேய்ப்புத் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர். அதன் முகம் உப்பைத் தூவினாற்போலச் சொரசொரப்பாயிருத்தலின் இப்பெயர் வந்தது போலும். உப்பால் வந்த துருவை உப்புத்தாளால் தேய்ப்பது சொல்லளவில் வேடிக்கையே. ஆயினும் தாள் புகாத மூலைகள் பல. அவற்றிற்கு மின்னாற்பகுப்பு முறையைக் கையாண்டோம். பிளாஸ்டிக் தொட்டியில் மழைநீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்தோம். 12 வோல்ட்டு மின்கல மின்னேற்றியின் எதிர்முனையைத் துருவேறிய உறுப்போடும், நேர்முனையை உதவாத இரும்புத் தகட்டோடும் இணைத்தோம். முனை மாறினால் நல்ல உறுப்பு கரையும். குமிழிகள் எழுந்தன, ஓரிரவில் செந்துரு கருஞ்சேறாக இளகிற்று. இம்முறை துருவிடைப்பட்ட குளோரைடையும் வெளிக்கொணருமாகலின், கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளை அருங்காட்சியகத்தார் இவ்வாறே பேணுகின்றனர். எழும் குமிழி எரியும் இயல்புடைய ஹைட்ரஜன். ஆதலின் திறந்த வெளியில், தீ அணுகாத இடத்தில் செய்தல் வேண்டும். துருவேறா எஃகுத் தகட்டை நேர்முனையில் கட்டலாகாது. அதினின்றும் குரோமிய நஞ்சு நீரிற் கலக்கும். அலுமினிய உறுப்பை அத்தொட்டியில் இடின் சோடா அதனைத் தின்றுவிடும். வில்சுருள்களையும் இடலாகாது, ஹைட்ரஜன் உட்புகுந்து அவை முறியுந் தன்மையவாகும்.

மட்கார்டின் உட்புறக் குழிகளில் எஞ்சிய துருவிற்குக் கடுக்காய்ச் சாறு தடவிப் பார்த்தோம். முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி எழுதுமை செய்தமை நாம் அறிந்ததே. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கருநீலமாகின்றது. அவ்வாறே மட்கார்டின் செந்நிறம் மாறி மை பூசினாற்போலக் கறுத்தது. அதன்மேல் பூச்சு நன்கு பற்றிற்று. உப்பைப் போக்காது இதனை மட்டும் செய்திருப்பின் பயனிராது.

இவ்வளவும் பொறுமையால் முடிந்தவை. அடிச்சட்டத்திலேதான் உண்மையான இடர் வெளிப்பட்டது. குழாய்களைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல குழாய் மணிபோல ஒலித்தது. இருக்கையின்கீழ் வளைந்து செல்லும் பின்குழாயில், இடப்புறத்தே ஒரு சாண் நீளம், ஒலி செத்திருந்தது. கூரிய ஆணியால் அழுத்தியவுடன் ஆணி உள்ளே இறங்கிற்று. பட்டறையார் பூசிய கறுப்புப் பெயின்டே அதுகாறும் அவ்விடத்தைத் தாங்கி நின்றது எனலாம். அளத்திற்குச் செல்லும் வழி மேடுபள்ளம் நிறைந்தது. தமையனார் பின்னிருக்கையில் தம் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்வார். இனி இவ்வண்டி ஓடலாமா, கொட்டகையில் நினைவுப் பொருளாக நிற்கலாமா என்னும் வினா எழுந்தது. சட்டத்தை முற்றும் மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். ஆயின் வண்டியின் சட்ட எண் பொறிக்கப்பட்டிருப்பது அதன் தலைப்பகுதியில். அதனை மாற்றினால் பதிவுச் சீட்டிலுள்ள வண்டி இதுவன்றாகும்.

பற்றவைப்புத் தொழிலில் நாற்பது ஆண்டு பழகிய முதியவர் ஒருவர் திண்டிவனத்தினின்றும் வந்து பார்த்தார். கெட்ட குழாயை மட்டும் நல்ல இரும்பு காணும் வரை வெட்டியெடுத்து, அதே அளவுத் தடித்த குழாயை உள்ளுறை இட்டுப் பொருத்தலாம் என்றார். வெட்டுவதென்றவுடன் பாட்டனார் முகம் வாடிற்று.

"ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாதா, ஐயா?" என்றார்.

"உங்களுக்கு மட்டும் என்றால் ஒட்டுப் போடுவேன். பேரப்பிள்ளையின் பிள்ளை ஏறுகின்ற வண்டி என்கிறார்களே" என்றார் அவர்.

பாட்டனார் சிறிது நேரம் இருந்து, "வெட்டுங்கள்" என்றார். பின் எம்மை நோக்கி, "தம்பி, வெட்டிய துண்டை எறிந்துவிடாதே" என்றார். அத்துண்டின் உட்புறத்தைப் பின்னர்ப் பார்த்தோம். குழாய்ச் சுவர் சில இடங்களில் தாள் போல இருந்தது. மற்றைக் குழாய்களின் உள்ளும் மழைநீர் விட்டுக் கழுவி, சூடேற்றி உலர்த்தி, மெழுகு கலந்த எண்ணெயைப் பாய்ச்சினோம்.

எஞ்சின் 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய ஒற்றைச் சிலிண்டர். உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். பிஸ்டன் துருவால் இறுகி உதைகோல் அசையவில்லை. பிளக்குத் துளைவழி டீசலும் மெல்லெண்ணெயும் விட்டுப் பத்து நாள் வைத்தோம். பின் மேற்கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தோம். பதினொராம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. இவ்விடத்தில் சுத்தியலை நாடுவோர் பிஸ்டனோடு இணைகோலையும் இழப்பர். சிலிண்டரைக் கழற்றி நோக்குங்கால் உட்சுவரில் வளையம்போல் துருத்தழும்பு இருந்தது. கடைசல் பட்டறையில் போர் போட்டு, அடுத்த அளவுப் பிஸ்டன் பூட்டப்பட்டது. பேரிங்குகள், எண்ணெய் அடைப்புக்கள் யாவும் புதியன. கிராங்கு அறையின் மேல் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்திருந்தது. அதற்கு மழைநீரும் மென்தூரிகையும் அன்றி அமிலமோ காரமோ பயன்படுத்தவில்லை.

கம்பிகளைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. உறைக்குள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி இருந்தமையின் ஆறு வோல்ட்டுக் கம்பித்தொகுதி முழுவதையும் மாற்றினோம். டயர், டியூப், பிரேக்குக் கட்டை, சங்கிலி, சக்கர வளையம், ஆரக்கம்பி ஆகியனவும் அவ்வாறே. இவற்றில் சிக்கனம் பார்த்தல் தகாது.

டாங்கி மட்டும் அலைக்குத் தப்பிற்று. ஆயின் நின்றுபோன பெட்ரோல் உள்ளே பிசினாகித் துருவுந் தோன்றியிருந்தது. சோப்பு நீரால் பலகால் அலசியபின், வினிகரும் சிறு சங்கிலித் துண்டும் உள்ளிட்டுக் குலுக்கினோம். சங்கிலி செல்லாத மூலைகளை வினிகர் இரண்டு நாள் ஊறித் தூய்மையாக்கிற்று. உடனே சோடா நீரால் கழுவி, காற்றூதி உலர்த்தி, எண்ணெய் பூசாவிடின் மறுநாளே மீண்டும் மஞ்சள் படரும். வெளிப்புறத்தைத் தொடவில்லை. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் டாங்கியின் பொற்கோடுகளைக் கைத்தூரிகையாலேயே இழுப்பது வழக்கம். எம் வண்டியின் கோட்டில், முழங்கால் படும் இடத்தே, முப்பத்திரண்டு ஆண்டு உரசியதால் பொன் தேய்ந்திருக்கின்றது. புதுக்கினால் பளபளக்கும் என்று பலரும் கூறினர். பழையதைப் புதியதென்று காட்டுவதில் எமக்கு விருப்பமில்லை. பாட்டனாரின் முழங்கால் வரைந்த தேய்வு அது.

எல்லாம் பூட்டியபின் சீர்செய்யும் அளவுகளைப் பாட்டனாரே நினைவினின்றும் கூறினார். பிளாட்டினப் புள்ளியின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வால்வு தள்ளுகோல்கள், எஞ்சின் குளிர்ந்திருக்குங்கால், மேலுங்கீழும் ஆட்டமின்றி விரலால் உருட்டினால் உருளும் அளவே இறுக்கம். தீப்பொறி, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னர். கைப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றேனும் பிழையில்லை.

இவ்வண்டியை உதைக்க வலிமை வேண்டா, முறை வேண்டும். சாவியைத் திருப்பி, எதிர்ப்புத் தோன்றும் வரை உதைகோலை மெல்ல அழுத்துக. ஹாண்டில்பாரின் இடப்பக்கத்து அழுத்தம்விடு நெம்பைப் பிடித்து, முகப்பிலுள்ள ஆம்பியர்மானியின் முள் நடுவிற்கு வரும்வரை சிறிது நகர்த்துக. நெம்பை விட்டு, உதைகோலை மேலே வரவிட்டு, ஒரே உதையாக உதைக்க. மாறிச் செய்தால் உதைகோல் திருப்பி அடிக்கும். 2025-ஆம் ஆண்டு சித்திரையில், தவணை மூன்று திங்கள் கடந்த பின், தமையனார் உதைத்த ஏழாம் உதையில் எஞ்சின் பேசிற்று. பாட்டனார் காதை மட்டும் சாய்த்துக் கேட்டு, "கொஞ்சம் பெட்ரோல் மிகுதி, திருகைக் குறை" என்றார். தந்தையார் இரும்பு வாங்குவோரைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

சங்க காலத்து உமணர் இவ்வுப்பையே மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் அறியாத நெடுவழி சென்றனர். வழியில் அச்சு முறியின் மாற்றுவதற்கென வண்டியின்கீழ் வேறோர் அச்சைக் கட்டிச் செல்வர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். ஔவையார் புறநானூற்று 102-ஆம் பாட்டில் அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு உவமை கூறி மகிழ்கின்றார். வகுப்பில் அப்பாட்டைப் பயின்றபொழுது அதனை அரசனது புகழ்ச்சியாகவே கொண்டோம். உப்பு வழியில் அச்சு முறிதல் அன்றாட நிகழ்ச்சி என்பது அப்பொழுது உறைக்கவில்லை. தமையனார் இருக்கையின்கீழ் ஒரு பிளக்கு, ஒரு பிளாட்டினப் புள்ளி, ஒரு கிளட்சுக் கம்பி, சங்கிலிப் பூட்டு ஒன்று ஆகியவற்றைத் துணியிற் சுற்றி வைத்திருக்கின்றார். அப்பொதிக்குச் சேமவச்சு என்றே வீட்டில் பெயர் வழங்குகின்றது.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு உரியது. பின் வண்டி தகுதியுடையதா என ஆய்ந்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுக்கலாம். 2021-இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெருமை வண்டியாகத் தனி எண்ணோடு பதியவும் இடமுண்டு. ஆனால் அவ்வாறு பதிந்ததை அன்றாடப் போக்குவரத்திற்குக் கொள்ளலாகாது. அளத்திற்குச் செல்லவேண்டிய வண்டியாதலின் முன்னைய வழியையே மேற்கொண்டோம். வெட்டி இணைத்த குழாயை ஆய்வு செய்தவர் நெடுநேரம் தடவிப் பார்த்தார், குறை கூறவில்லை.

இனி அதனைப் பேணும் முறை. நீர்புகாப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவோர் பலர்; அதனுள்ளே ஈரம் அடைபட்டுத் துரு இரட்டிக்கும். பழைய பருத்தித் துணியே நன்று. நிறுத்துமிடம் மண் தரையாயின் சக்கரத்தின்கீழ்ப் பலகை இடுக. சனிக்கிழமைதோறும் நல்ல நீரில் தோய்த்துப் பிழிந்த துணியால் அடிப்புறத்தையும் ஆரக்கம்பிகளையும் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவவேண்டும். அந்நல்ல நீருக்காகக் கொட்டகை மூலையில் மூடியிட்ட ஒரு பீப்பாய் மழைநீர் தனியே வைக்கப்பட்டிருக்கின்றது. அதில் குடிப்பதற்கு ஒரு செம்பு எடுப்பதாயினும் பாட்டனாரிடம் கேட்டே எடுக்கவேண்டும்.